மொத்தத்தில் லாபம்... யார் பங்கில் நஷ்டம்? பூந்தமல்லி நெடுஞ்சாலை காட்டும் வணிகக் கணக்கு

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை இரவு. சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. சாலையை மறித்து உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் தொழிலாளர்கள். இரண்டு நாள் முன்புதான் பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில் அவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்களின் நிலைமை என்ன என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அதன் பிறகுதான் சாலைக்கு வந்தார்கள்.

ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஃபாக்ஸ்கான் ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல் வேலை மறுபடி தொடங்கியது. ஐபோன் ஏற்றுமதியும் நிற்கவில்லை. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2022-23-ல் 537 கோடி டாலராக இருந்தது, 2024-25-ல் 1,465 கோடி டாலர். இரண்டே ஆண்டில் இரண்டரை மடங்குக்கும் மேல்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே சண்டைதான். "ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைச்சிருக்கு, ஒரு ஹாஸ்டல்ல நடந்த தப்பை வெச்சு எல்லாத்தையும் குறை சொல்லலாமா?" என்பார் ஒருவர். "அந்த 159 பேர்ல உன் தங்கச்சி இருந்தா இப்படிப் பேசுவியா?" என்பார் இன்னொருவர். இருவருக்கும் தெரியாமலே அவர்கள் 200 வருஷப் பழைய விவாதம் ஒன்றைத்தான் தொடர்கிறார்கள். முதல் ஆள் பேசுவதில் இரண்டு கோட்பாடுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வணிகத்தில் ‘ஒப்பீட்டு அனுகூலம்’; காலேஜில் கம்பேரிட்டிவ் அட்வான்டேஜ் என்று படித்திருப்பார்கள். இன்னொன்று அறவியலில் ‘பயன்பாட்டுவாதம்’, அதாவது யூட்டிலிட்டேரியனிசம். இரண்டும் எங்கே சரி, எங்கே வழுக்குகிறது என்பதற்கு அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஸ்ரீபெரும்புதூரும் போதுமான உதாரணங்கள் தருகின்றன.

ஓனர் ஏன் பில் போடக் கூடாது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சி.என்.சி. பட்டறை என்று வைத்துக்கொள்ளலாம். ஓனர் கெட்டிக்காரர். மெஷினிலும் அவர்தான் வேகம், ஜி.எஸ்.டி. பில் போடுவதிலும் அவர்தான் வேகம். கிளார்க் இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் பில்களை அவர் ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுவார். கிளார்க்குக்கு மணிக்கு 100 ரூபாய் சம்பளம். ஓனர் மெஷினில் நின்றால் மணிக்கு 600 ரூபாய் வேலை நடக்கும். "நானே பில் போட்டா 200 ரூபா மிச்சம்" என்று அவர் உட்கார்ந்தால், 200-ஐ மிச்சம் பிடிக்க 600-ஐ விடுகிறார்.

இரண்டிலுமே கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டையும் அவரே செய்வது நஷ்டம். கிளார்க் இரண்டிலுமே வேகம் குறைந்தவராக இருந்தாலும் அவருக்கு அங்கே இடம் உண்டு. இவ்வளவுதான் ஒப்பீட்டு அனுகூலம். இதையே நாடுகளுக்குப் பொருத்தி 1817-ல் எழுதினார் டேவிட் ரிக்கார்டோ. போர்ச்சுகலில் குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு 80 பேரின் ஓராண்டு உழைப்பு, துணிக்கு 90 பேர். இங்கிலாந்தில் துணிக்கு 100 பேர், ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலுக்கு இரண்டுமே சுலபம். ஆனாலும் போர்ச்சுகல் ஒயினை மட்டும் இரு மடங்கு செய்து, இங்கிலாந்து துணியை மட்டும் இரு மடங்கு செய்து மாற்றிக்கொண்டால், 390 பேர் செய்த அதே வேலை 360 பேரில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் தவறு கண்டுபிடிக்க முடியாது. ஏழை நாட்டுக்கும் உலகச் சந்தையில் இடம் உண்டு என்று காட்டியது இதன் பெரிய பலம். "எல்லாத்தையும் நாமே செஞ்சுக்கணும்" என்ற உணர்ச்சி வேகத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஆனால் கணக்குக்கு அடியில் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. முதலாவது, இங்கிலாந்தில் ஒயின் வேலை பார்த்த 120 பேர் மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். போர்ச்சுகலில் தறி ஓட்டிய 90 பேர் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது, முதலாளியின் பணம் நாட்டை விட்டு வெளியே போகாது. இரண்டாவதை ரிக்கார்டோ மறைக்கவில்லை, தன் புத்தகத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடப் புத்தகங்களில்தான் அந்தப் பக்கத்தைக் காணோம்.

தலைக்கு ஒன்று

ரிக்கார்டோவை அந்தப் புத்தகத்தை எழுதச் சொல்லி விடாமல் நச்சரித்தவர் ஜேம்ஸ் மில். பயன்பாட்டுவாதத்தின் மூலவரான ஜெரமி பெந்தாமுக்கு நெருங்கிய கூட்டாளி. அதே 1817-ல் மில் தன் இந்திய வரலாற்று நூலை வெளியிட்டார், இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே. பிறகு அவரும், அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்தார்கள். ஆக, அதிக மக்களுக்கு அதிக நன்மை என்ற அறமும், சுதந்திர வணிகம் என்ற பொருளாதாரமும் ஒரே நண்பர் வட்டத்தில், ஒரே காலத்தில் வளர்ந்தவை. மேசைக்கு மேசை கம்பெனிக் கடிதங்கள் போய்வந்த இடமும் அதுதான். அந்தக் காலத்தில் லங்காஷயர் துணி இந்தியாவுக்குள் குறைந்த வரியில் வந்தது. இந்தியத் துணிக்கு இங்கிலாந்தில் கடும் வரி. சுதந்திர வணிகம் யாருக்குச் சுதந்திரம் என்ற கேள்வி பிறந்தபோதே கூடப் பிறந்தது.

இருந்தாலும் பயன்பாட்டுவாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அது பிறந்த காலத்தில் அது ஒரு கலகம். பிரபுவோ கூலியோ, கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான், ஒன்றுக்கு மேல் கிடையாது என்று சொன்ன கொள்கை. திருவண்ணாமலை கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்ணின் நலனும் அம்பத்தூர் ஆலை அதிபரின் நலனும் அதில் சம எடை. சொல்லப்போனால் அவள் பக்கம்தான் தராசு சாயும். மாதம் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாக வந்தால் அவள் வீட்டில் தம்பியின் படிப்பு நிற்காது, கந்துவட்டி அடையும். அதே பத்தாயிரம் அதிபர் வீட்டில் கவனத்துக்கே வராது.

இங்கேதான் ஒரு சின்ன மோசடி நடக்கிறது. ஏற்றுமதி எவ்வளவு கோடி டாலர், ஜி.டி.பி. எத்தனை சதவீதம் என்று பேசும்போது ‘எல்லோருக்கும் நன்மை’ என்ற அற வார்த்தை பயன்படுத்தப்படுகிறது. ஆனால் எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, ரூபாய்கள். ரூபாய்க் கணக்கில் பணக்காரரின் பத்தாயிரமும் ஏழையின் பத்தாயிரமும் ஒன்றுதான். பெந்தாமின் தலைக் கணக்கை ரூபாய்க் கணக்காக மாற்றிவிட்டு, அவர் பெயரிலேயே தீர்ப்பும் சொல்லப்படுகிறது. பயன்பாட்டுவாதத்தின் மீது விழும் திட்டுகளில் பாதி உண்மையில் இந்த மாற்றுக் கணக்குக்குப் போக வேண்டியவை.

ஆவடியில் எடுத்த முடிவு

1955 ஜனவரி. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு, தலைமை யு.என்.தேபர். சோஷலிச பாணியில் சமுதாயம் அமைப்பதே இலக்கு என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அதன் நடைமுறை அர்த்தங்களில் ஒன்று: இறக்குமதியைக் குறைத்து, உள்ளூரிலேயே தொழில் வளர்ப்பது. இன்றைக்கு எது மலிவோ அதை மட்டும் செய் என்ற ரிக்கார்டோ யோசனைக்கு நேர் எதிர்த் திசை.

அந்தத் திசையின் பலன் என்னவென்று பார்க்க ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை வந்தால் போதும். டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கே தொடங்கியது 1949-ல், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து. அன்றைய சென்னை மாகாணத்தின் ‘இயற்கையான’ அனுகூலம் வேர்க்கடலையும் பதப்படுத்திய தோலும்தான். கணக்குப்படி கடலையை ஏற்றி அனுப்பிவிட்டு, பர்மிங்காமிலிருந்து சைக்கிளை இறக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்த ஆண்டு லாபம்தான். ஆனால் குழாய் வளைக்கவும் செயின் செய்யவும் பற்றவைக்கவும் கைதேர்ந்த ஒரு தலைமுறை அம்பத்தூரில் உருவாகியிருக்காது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தபோது பட்டறை போட ஆள் கிடைத்திருக்காது. 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்ததும் இதே பகுதியில்தான். ராணுவத் தளவாடம் என்பது தனிக் கதை. சுதந்திர வணிகத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித்கூட நாட்டுப் பாதுகாப்பு என்று வந்தால் மலிவு விலையைத் தள்ளி வைத்தவர்தான்.

ஒப்பீட்டு அனுகூலம் மண்ணில் விளைவதில்லை. செய்து செய்து கை பழகி வருவது என்பதைப் பயன்பாட்டுவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லே 1848-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறார். புதுத் தொழில் காலூன்றும் வரை கொஞ்ச காலத்துக்குப் பாதுகாப்பு கொடுக்கலாம் என்றார். ‘கொஞ்ச காலம்’ என்பதை மட்டும் இங்கே எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985-ல் கொண்டுவந்த ‘ஸ்டாண்டர்டு 2000’ கார் சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. பாதுகாப்பின் செலவு இப்படித்தான் இருக்கும்: லட்சக்கணக்கான பேர் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து, கொஞ்சம் மட்டமான பொருளை வாங்குவார்கள். ஒருத்தர்கூட ரோடு மறியலுக்கு வர மாட்டார்கள். தொழில் மூடினால் வருகிற வலி கண்ணுக்குத் தெரியும். மூடிய சந்தையில் எல்லோரும் இழப்பது தெரியாது. தெரியாத இழப்பையும் கூட்டிக் காட்டச் சொல்வதில் பயன்பாட்டுவாதம் நேர்மையானது.

1990-களில் இரண்டும் கலந்த ஒரு வழி கிடைத்தது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது, 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. அன்று முழுக் காரை இறக்குமதி செய்து விற்க வழியில்லை. உதிரிபாகத்தில் 50 சதவீதம் மூன்று ஆண்டுக்குள், 70 சதவீதம் ஐந்து ஆண்டுக்குள் உள்ளூரிலேயே வாங்க வேண்டும் என்றது 1997 டிசம்பரில் வந்த மத்திய அரசின் விதி. இது செல்லாது என்று உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு 2001-ல் சொல்லிவிட்டது. அதற்குள் அம்பத்தூர், பாடி, திருமுடிவாக்கம் பட்டறைகள் கொரியத் தரத்துக்குப் பாகம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தன. சுவர் இருந்தது, ஆனால் சுவருக்கு உள்ளேயே போட்டியும் இருந்தது. பழைய லைசென்ஸ் ராஜ்ஜியத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். சென்னையை இன்று ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்கள் அந்த விதியை நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஒரே கம்பெனி, இரண்டு ஊர்

சுவரே இல்லாமல் வந்த தொழிலுக்கு உதாரணம் நோக்கியா. 2005-ல் ஒப்பந்தம், 2006-ல் ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தி. உச்ச காலத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர். காலை ஷிஃப்டுக்குப் பூந்தமல்லி ரோட்டில் வரிசையாகக் கம்பெனி பஸ் ஓடிய காலம் அது. பிளஸ் டூ முடித்ததும் முதல் சம்பளம், வீட்டில் பேச்சுக்கு மரியாதை, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும் தைரியம். எந்த அரசுத் திட்டமும் அவ்வளவு சீக்கிரம் இதைச் செய்யவில்லை. ஒப்பீட்டு அனுகூலத்தைத் திட்டித் தீர்ப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. சாதாரண ஃபோன் போய் ஸ்மார்ட்ஃபோன் காலம் வந்தது. 2013-ல் வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது, நோக்கியா மறுத்தது. தமிழ்நாடு அரசும் விற்பனை வரிக் கணக்கில் பெரிய தொகை கேட்டது. சொத்து முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் ஃபோன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை பட்டியலில் இல்லை. வியட்நாமில் ஏற்கனவே ஓர் ஆலை தயாராக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

ரிக்கார்டோவின் கணக்கில் பணம் ஊரில் இருக்கும், ஆள் வேலை மாறுவார். இங்கே நடந்தது தலைகீழ். பணம் ஒரு கையெழுத்தில் வியட்நாமுக்குப் போனது, ஆள்தான் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்றார்.

இதில் அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. அதே நோக்கியா, 2012-ல் பின்லாந்தின் சாலோ என்ற சிறு நகரத்தில் இருந்த ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. காரணம், வேலை ஆசியாவுக்கு நகர்ந்துவிட்டது. உலகக் கணக்கில் பார்த்தால் இது நியாயமான மாற்றம்தான். பின்லாந்துத் தொழிலாளியைவிட ஆசியத் தொழிலாளிக்கு அந்தச் சம்பளத்தின் அருமை அதிகம். ஆனால் சாலோவில் வேலை இழந்தவர்களைக் கணக்கு முடிந்தது என்று விட்டுவிடவில்லை. உலகமயத்தால் வேலை போனவர்களுக்கென்றே ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் நிதியிலிருந்து, மறுபயிற்சி, வேலை தேடும் உதவி, சொந்தத் தொழில் தொடங்கும் உதவி என்று பணம் ஒதுக்கப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது நிறுவனம் கொடுத்த விருப்ப ஓய்வுத் தொகை மட்டும்தான். வணிக மாற்றத்தால் வேலை போனவருக்கு என்று தனி நிதி எதுவும் இந்தியாவில் இல்லை. ஆட்குறைப்புக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சம், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம்.

‘கொடுக்க முடியும்’ - ‘கொடுத்தாச்சு’

பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு நழுவல் வழி உண்டு. 1939-ல் நிக்கோலஸ் கால்டோரும் ஜான் ஹிக்ஸும் ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஒரு மாற்றத்தால் ஜெயித்தவர்கள், தோற்றவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் வைத்திருப்பார்கள் என்றால் அந்த மாற்றம் நல்லது. கவனிக்க வேண்டியது, ஈடு கொடுக்க *முடியும்* என்றாலே போதும். கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ஆயிரம் ரூபாய் கடன் வாங்கியவர் "திருப்பிக் கொடுக்க என்கிட்ட வசதி இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நாட்டின் வணிகக் கொள்கையில் மட்டும் இது ஏற்கப்பட்ட வாதம்.

ஈடு கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே பாடம். 2000-க்குப் பின் சீன இறக்குமதியால் அடிபட்ட ஊர்களில் வேலையும் சம்பளமும் பத்தாண்டு கழித்தும் மீளவில்லை என்று டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்களின் ஆய்வுகள் காட்டின. வணிகத்தால் வேலை இழந்தோருக்கு உதவ 1962 முதல் அங்கே திட்டம் இருந்தது, ஆனால் தேவைக்குச் சின்னது. 2022 ஜூலையில் புதிய விண்ணப்பங்களுக்கு அதுவும் மூடப்பட்டது. அந்த ஊர்களின் கோபம் வாக்குச்சீட்டு வழியாகச் சுங்க வரியாகத் திரும்பி வந்தது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஸ்மார்ட்ஃபோனுக்கு விலக்கு கிடைத்தது; திருப்பூர் பின்னலாடைக்கும் ஆம்பூர் தோலுக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்கா தன் தொழிலாளிக்குக் கொடுக்காமல் விட்ட ஈட்டின் பில், கடைசியில் திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வந்தது.

159 என்ற எண்

ஜமீன் கொரட்டூர் விடுதிக்குத் திரும்பலாம். அந்த நேரத்தில் ஆலையில் சுமார் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். 159 பேர் என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கூட்டிப் பார்க்கும் அறத்தில் இது கரைந்துவிடும். பயன்பாட்டுவாதத்தின் ஆழமான பலவீனம் இதுதான்: ஒருவரின் வலியை இன்னொருவரின் சம்பளத்தால் ஈடுகட்டிவிட்டதாகக் கணக்கு எழுத அது இடம் கொடுக்கிறது. ஒரு மனிதர் தன் சொந்த வாழ்க்கையில் இன்று கஷ்டப்பட்டு நாளை சுகப்படலாம். ஆனால் இவர் கஷ்டப்பட அவர் சுகப்படுவது அதே கணக்கு ஆகாது. மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்று 1971-ல் ஜான் ரால்ஸ் வைத்த ஆட்சேபம் இன்றும் பதிலுக்குக் காத்திருக்கிறது.

அதோடு, விடுதி எப்படி இருந்தது என்பது ஏற்றுமதிக் கணக்கின் எந்தக் கட்டத்திலும் இல்லை. மறியலுக்குப் பின்தான் அது கணக்கில் வந்தது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் கட்டியது, செலவு 706.50 கோடி ரூபாய், 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் ‘இங்கே உழைப்பு மலிவு’ என்று இத்தனை நாள் சொல்லப்பட்ட மலிவில் ஒரு பகுதி, நெரிசலான அறையிலும் கெட்ட சாப்பாட்டிலும் அந்தப் பெண்கள் கொடுத்துக்கொண்டிருந்த மானியம் என்பதும் அதே 706.50 கோடியில் எழுதியிருக்கிறது.

மலிவின் இன்னொரு பகுதி வயது. திருமணமான பெண்களை இந்த ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. குற்றச்சாட்டு எப்படி முடிந்தாலும், அதன் பின்னால் உள்ள தர்க்கம் எந்த ஹெச்.ஆர். மேனேஜருக்கும் புரியும்: குழந்தை இருக்கும் பெண் அதிகம் லீவு போடுவார், ஆகவே சராசரிக் கணக்கில் ‘லாபம் குறைவு’. சராசரியாக அது உண்மையாகவே இருந்தாலும், வேலை கேட்டு வாசலில் நிற்பவர் சராசரி அல்ல. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது.

கூட்டலுக்கு முன்பே கோடு போட வேண்டிய இடங்கள் உண்டு என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. சீனாவிலிருந்து நகரும் மின்னணு ஆலைகளை ஈர்க்க வேலை நேர நெகிழ்வு வேண்டும் என்பதே அதன் பொருளாதாரம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகான இரண்டு ஆண்டுகளில்தான் ஏற்றுமதி 956 கோடி டாலர், 1,465 கோடி டாலர் என்று ஏறியது. எட்டு மணி நேரத்தைக் காப்பாற்றியதால் ஏற்றுமதி கூடியது என்று இதற்கு அர்த்தமில்லை. எட்டு மணி நேரத்தை விட்டால்தான் ஏற்றுமதி கூடும் என்று அன்று சொன்னது மட்டும் பொய்த்தது.

15 நாள், 90 நாள்

எதைத் திருத்த வேண்டும்? ஆலை வேண்டாம் என்பது பதிலாகாது. சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் ஏறும் பெண்ணைக் கேட்டால் அவரே சிரிப்பார். ‘மொத்தத்தில் லாபம்’ என்று சொல்கிறவர்கள், இழப்பவருக்கான பங்கையும் அதே கோப்பில் எழுத வேண்டும். மாநில அரசு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது நிலம், மின்சாரம், வரிச் சலுகை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறது. ஆலை வெளியேறினால் தொழிலாளிக்கு என்ன என்று ஒரு பக்கம் சேர்ப்பது அசாத்தியமில்லை. வாங்கிய சலுகையில் ஒரு பங்கை அந்த நிதிக்குக் கட்டிவிட்டுப் போ என்று கேட்கலாம். பக்கத்து மாநிலத்துக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். அதனால்தான் இது ஒரு மாநிலம் தனியாகச் செய்வதைவிட மத்தியச் சட்டமாக வருவது நல்லது.

மத்தியில் ஒன்றுமே இல்லாமலும் இல்லை. ஈ.எஸ்.ஐ. சந்தாதாரர் வேலை இழந்தால், 2018-ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் சராசரிச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும், வாழ்நாளில் ஒருமுறை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு மறுபயிற்சி நிதி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை அதில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். மாதம் 18,000 ரூபாய் வாங்குபவருக்குச் சுமார் 9,000 ரூபாய். அதே சட்டம், அரசின் அனுமதி இல்லாமல் மூடலாம் என்ற வரம்பை 100 தொழிலாளியிலிருந்து 300-க்கு உயர்த்தியும் விட்டது. அம்பத்தூர் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழேதான்.

நோக்கியா விட்டுப்போன வளாகத்தை, ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து தரும் சால்காம்ப் வாங்கி, 2020-ல் திறந்தது. மூடிய நாளிலிருந்து கட்டடத்துக்கு அடுத்த வேலை கிடைக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2014-ல் 24 வயதில் வெளியே வந்த பெண்ணுக்கு அப்போது 30.